குப்பத்தில் நாங்கள் நட்ட முன்னோடிக் கல்

செங்கல்பட்டுக்கு முதலில் வந்தவர் யார் என்பதை நாங்கள் கை தூக்கித்தான் முடிவு செய்தோம். எழுபதுகளின் நடுவில், மாதர் சங்கத் தலைவியின் வீட்டு ஹாலில், கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடித்த கையோடு நடந்தது அது. தன் மாமனார்தான் முதலில் வந்தவர் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவி. ஒருவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அவர் வீட்டுக் கேசரியைத் தின்றுவிட்டு, இன்னொருவர் மாமனாருக்கா கை தூக்க முடியும்? தூக்கினோம். விரலெல்லாம் நெய்ப் பிசுக்கு.

அதுவரை எங்கள் சங்கம் தையல் வகுப்பு, கோலப் போட்டி, ஊறுகாய்க் கண்காட்சி என்று யாருக்கும் தொந்தரவில்லாமல்தான் நடந்துகொண்டிருந்தது. நடுவில் யாரோ ஒரு பெரிய அதிகாரியின் மனைவி ஆண்டு விழாவுக்கு வந்து, "உங்கள் ஊரின் முன்னோடிகளின் வரலாற்றை நீங்கள் காக்க வேண்டாமா?" என்று மேடையில் கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அவருக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் தலைவி அன்று இரவு தூங்கவில்லையாம். அடுத்த வாரமே சங்கத்தில் பாரம்பரியப் பிரிவு என்று ஒன்று பிறந்துவிட்டது. பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் என்னைச் செயலாளராக்கினார்கள். என்னைக் கேட்டார்களா என்றால், இல்லை.

வக்கீலான தலைவியின் மாமனார்தான் ஊருக்கு முதலில் வந்தவர் என்று முடிவானதும் பொருளாளரின் முகம் தூக்கிக்கொண்டது. அவருடைய கணவர் வீட்டாருக்கு அரிசி மில். தங்கள் மில்லின் புகைபோக்கிதான் ஊரில் முதலில் எழுந்தது, வக்கீல் வந்ததே அதைப் பார்த்துத்தான் என்றார். அதையும் தீர்மானமாகப் போட்டோம். முதல் வக்கீல், முதல் மில். அத்தோடு நின்றதா? ஒருவர் மாமனார் ஊரிலேயே முதலில் கிராமபோன் வாங்கியவர். இன்னொருவர் மாமனார் முதலில் மின்விசிறி போட்டவர். கடைசியில் ஒருவர், தன் மாமனார்தான் முதன்முதலில் சென்னைக்குப் போய்க் கண்ணில் புரை எடுத்துக்கொண்டவர் என்றார். கண் தெரியாமல் போனதுகூட முன்னோடித்தனம்தானே, எழுதிக்கொண்டேன்.

இந்த மாமனார்கள் எல்லாம் வந்து இறங்குவதற்கு முன்னால் செங்கல்பட்டில் ஏரியும் கோட்டையும் தண்டவாளமும் மட்டும் இருந்தன போலிருக்கிறது. ஏரிக்குக் கரை போட்டவர்களும் தண்டவாளம் சுமந்தவர்களும் வேலையை முடித்துவிட்டு ஆகாயத்துக்குப் போய்விட்டார்கள். பெண்களும் அப்படித்தான். நாங்கள் பெண்கள் சங்கம். ஆனால் நாங்கள் எழுதிய வரலாற்றில் பெண் என்று ஒருத்தி தலைகாட்டவில்லை. தப்பித் தவறி வந்தவர்களும் 'அன்னாரின் துணைவியார்' என்று வந்து, அன்னாருக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

எல்லா மாமனாருக்கும் ஒவ்வொரு முதலிடம் கொடுத்து முடித்த பிறகு பெரிய சங்கடம் வந்தது. ஊரில் வரலாறு தீர்ந்துவிட்டது. அதே நேரம் மதுராந்தகத்து மாதர் சங்கத்துக்காரிகள் தங்கள் ஏரியைப் பற்றி ஒரு மலர் போட்டுவிட்டார்கள். ஏரியை ஏதோ தாங்களே குடத்தில் மொண்டு நிரப்பியது போல அதில் ஒரு பெருமை. அந்த மலரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தூக்கிப் பார்த்த தலைவி, "நாம் கடலுக்குப் போவோம்" என்றார். மாமல்லபுரம் பக்கம் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், அங்கே ஒரு மீனவர் குப்பத்தில் அதன் முன்னோடிகளுக்குக் கல் நட்டால் உலகமே பார்க்கும், மதுராந்தகம் வாயைப் பிளக்கும் என்பது அவர் கணக்கு. அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்க தெருவுக்கு அங்கேயிருந்து ஒரு மீன்காரி வர்றாளே?"

வந்துகொண்டிருந்தாள். நான் அவளை அக்கா என்பேன். வாரத்தில் சில நாள் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் காலை பஸ்ஸில், கண்டக்டரோடு ஒரு சண்டை போட்டு முடித்து, கூடையோடு இறங்குவாள். தெருவுக்குள் நுழையும்போதே குரல் வரும், பின்னால்தான் ஆள். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, அவர் காலை ஷிப்டுக்குப் போனபின் எங்கள் வாசல்படியில் கூடையை இறக்கிவிட்டு, ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவாள். சில நாள் அவளோடு அவள் பெண்ணும் வரும். இருபது வயதுக்குள் இருக்கும். நான் வஞ்சிரத்தை வாலில் பிடித்துத் தூக்கும் அழகைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

அந்த வருஷம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பையன் அதே குப்பம்தான். அக்கா வீடு வடக்குத் தெரு, பையன் வீடு தெற்குத் தெரு. அவன் கடலுக்குப் போகும் கட்டுமரம் கரையேறும் நேரமெல்லாம் பெண்ணுக்கு மனப்பாடம் என்று அக்கா நொடித்துக்கொண்டு சொன்னாலும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஆடியில ஆத்தாளுக்குக் கூழ் ஊத்திட்டு ஆவணியில கல்யாணம், டீச்சரம்மா. நீ வர்ற. கண்டிப்பா வர்ற. மீனு குழம்பு எப்டி வெக்கிறதுன்னு அன்னிக்காவது கத்துகினு வருவ."

அந்தக் குப்பத்துக்குத்தான் நாங்கள் ஒரு மாசி மாதக் காலையில் மில்லுக்காரர் ஜீப்பில் போய் இறங்கினோம். பட்டுப்புடவை, கையில் குடை, தோளில் தெர்மாஸ். மணலில் செருப்பு புதைந்து ஆளாளுக்கு ஒரு பக்கம் சாய்ந்து நடந்தோம். அக்கா எங்களை அழைத்துப்போய்க் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். இரண்டு தெருப் பெரியவர்களும் வந்து நின்றார்கள். தலைவி குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"இந்தக் குப்பத்துக்கு முதல்ல வந்து குடியேறினது யாரு? வடக்குத் தெருக்காரங்களா, தெற்குத் தெருக்காரங்களா?"

சலசலவென்று பேசிக்கொண்டிருந்த ஊர் சட்டென்று அடங்கியது. வடக்குத் தெருப் பெரியவர் கடலைப் பார்த்தார். தெற்குத் தெருப் பெரியவர் மரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே குரலில் சொன்னார்கள்: "ஒண்ணாதாம்மா வந்தோம்."

"ஒண்ணா எப்படி வர முடியும்? பஸ்ஸா பிடிச்சு வந்தீங்க? யாராவது ஒருத்தர் முதல்ல காலை வெச்சிருப்பாங்க இல்ல?"

"ஒண்ணாதாம்மா வந்தோம்" என்றாள் அக்காவும், கொஞ்சம் அழுத்தமாக. இளநீர் வந்தது. குடித்தோம். புறப்பட்டோம்.

அடுத்த கூட்டத்தில் இந்தச் சிக்கலை எடுத்தோம். ஊரே ஒன்றாக வந்ததாகச் சொல்கிறதே, அப்படியே எழுதிவிடலாம் என்றேன். "பாமர ஜனங்களுக்கு வரலாற்று உணர்வு கிடையாது டீச்சர், அதைக் கொடுக்கத்தானே நாம இருக்கோம்" என்றார் தலைவி. அதற்குப் பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. ஜீப் நின்ற இடத்திலிருந்து முதலில் கண்ணில் பட்டது வடக்குத் தெரு என்றார் ஒருவர். இளநீர் வெட்டிக் கொடுத்ததும் வடக்குத் தெருக்காரர்தான் என்றார் பொருளாளர். வந்தவரை உபசரிக்கும் பண்பு பழைய குடிக்குத்தான் இருக்குமாம். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. என் கை ஒன்று குறைந்ததால் வரலாற்றுக்கு ஒரு நஷ்டமும் வந்துவிடவில்லை.

கல்லுக்குப் பஞ்சமா? மாமல்லபுரத்தில் உளிச்சத்தம் கேட்காத தெரு எது? வழவழவென்று ஒரு கல் வாங்கி எழுத்து வெட்டச் சொன்னோம். 'இக்குப்பத்தில் முதன்முதல் குடியேறிய முன்னோடிகள் வடக்குத் தெரு வகையறாவினர்' என்று மேலே ஒரு வரி. மீதிக் கல் முழுக்க நாங்கள். தலைவி, துணைத் தலைவி, பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், ஜீப் கொடுத்து உதவியவர். தொலைவிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குப்பத்தில் முதலில் குடியேறியது செங்கல்பட்டு மாதர் சங்கம் என்றுதான் தோன்றும்.

சித்திரையில் திறப்பு விழா. மஞ்சள் துணி போர்த்திய கல்லைக் கோயில் எதிரில் நட்டிருந்தார்கள். ஊரில் யாருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஏதோ ஊர் பேரைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் சந்தோஷமாகவே நின்றார்கள். தலைவி துணியை இழுத்தார். ஐந்தாவது வரை படித்த ஒரு வடக்குத் தெரு ஆள் முன்னால் வந்து எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் ஏறியது. வடக்குப் பக்கம் விசில். தெற்குப் பக்கம் ஒரு சத்தமில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி நடந்து போனார்கள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றதை நான் பார்த்தேன். 'குப்பத்து மக்கள் உணர்ச்சிப் பெருக்கில் பேச்சற்றுப் போயினர்' என்று சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னார் தலைவி.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் என்று பார்த்து, மாதமே ஆகிவிட்டது. பிறகு ஒரு காலை, கூடையில் பாதிகூட மீன் இல்லாமல், குரல் கொடுக்காமல் வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். காப்பி வேண்டாம் என்றாள்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு இன்னா? கல்யாணம் நின்னுட்ச்சி."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த ஊர் வழக்கத்தை எனக்குச் சொன்னாள். ஆடியில் கூழ் ஊற்றும் அன்று பூசாரி அம்மன் பாதத்தில் வைத்த தட்டை, எலுமிச்சம்பழம் வேப்பிலை குங்குமத்தோடு, வெளியே கொண்டுவருவார். அதைத் தொடும் முதல் கை ஊரில் முதல் மரியாதைக்கு உரிய கை. அந்தக் காலத்தில் இதற்காக அந்த ஊரில் மண்டை உடைந்திருக்கிறது, வலை எரிந்திருக்கிறது. பிறகு எந்தப் புண்ணியவான் செய்தானோ ஓர் ஏற்பாடு. பூசாரி தட்டை யார் கையிலும் கொடுப்பதில்லை. இரண்டு தெருவுக்கும் நடுவில் மணலில் வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கையை விடும். யார் கை முதலில் பட்டது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. குழந்தைகளுக்குக்கூட அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யார் முதலில் வந்தது என்ற கேள்வியை அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. பதில் தெரியாததால் அல்ல. கேட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததால்.

நாங்கள் கேட்டோம். கேட்டதோடு நிற்காமல் கல்லில் வெட்டி நட்டும் வைத்தோம்.

"இப்ப வடக்குத் தெருவுல தட்டைக் கையில குடுன்னு குதிக்கிறானுங்க. கல்லுலயே எழுதிட்டாங்களாம். தெக்குத் தெருவுல, பிந்தி வந்தவன் வூட்டுக்கு எதுக்கு முந்தி வந்தவன் வூட்டுப் பொண்ணு, வேணாம்னு நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பையன் அழுவுறான். அவன் மாமனுங்க வுட மாட்டேங்கிறானுங்க. எம்பொண்ணு சோறு துன்ன மாட்டேங்குது, டீச்சரம்மா. காலைல எய்ந்தா கரையில போயி குந்திகினு கீது."

எனக்கு வந்த கோபத்தில் அப்போதே ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். அதைத்தான் சொன்னேன், அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்துவிடலாமே என்று.

"கல்லப் புடுங்கலாம். படிச்சிட்டானே, அத்த எப்டிப் புடுங்குவ?"

இருந்தாலும் தலைவியிடம் போனேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து விழாப் படங்களை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றிருக்கிறது, நாமே குப்பத்துக்குப் போய், கல்லில் போட்டது தப்பு என்று சொல்லிவிட்டு வருவோம் என்றேன். அவர் பசை டப்பாவை மூடிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"டீச்சர், நாலு பேருக்குப் பிடிக்கலைங்கிறதுக்காக வரலாற்றை மாத்த முடியுமா?"

மின்விசிறிக்கும் கண்புரைக்கும் கை தூக்கி வரலாறு எழுதிய அதே ஹாலில், அதே ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டார். எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவரிடம் சண்டை போட்டால் எனக்கு மனசு ஆறும். அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது நான் திட்டிய திட்டு தமிழ் டீச்சர் திட்டக்கூடியதல்ல.

ஆடி பிறந்ததும் அக்கா மறுபடி வந்தாள். இந்த முறை காப்பி கேட்டாள். குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க தலைவியம்மாவ திருவியாவுக்குக் கூட்டிகினு வா."

"எதுக்கு? இன்னும் என்ன கெடுக்கணும்?"

"தட்ட அந்தம்மா கையில குடுத்துர்றோம். மொதல்ல அந்தம்மா தொடட்டும். அப்பறம் கீழ வெச்சா, எப்பவும் போல ரெண்டு தெருவும் கைய வுடும். மொத மரியாதி வடக்குக்கும் இல்ல, தெக்குக்கும் இல்ல. வெளியூரு பொம்பள வாங்கிகினு பூட்டா. பேஜாரு வுட்டுது."

ஊர் ஒப்புக்கொள்ளுமா என்றேன். பத்து நாளாக வீடு வீடாக ஏறி இறங்கி அதைத்தான் செய்திருக்கிறாள். தங்களைக் கல்லில் எழுதிய அம்மாதானே, நம்ம ஆள் மாதிரிதானே என்று வடக்குத் தெரு சம்மதித்தது. வடக்கானுக்குக் கிடைக்காமல் நாய்க்குக் கிடைத்தாலும் சரி என்று தெற்குத் தெரு சம்மதித்தது. ஆத்தா கோயிலில் ஒரு சுமங்கலிக்கு முதல் குங்குமம் கொடுத்தால் குறையில்லை என்று பூசாரியும் சொல்லிவிட்டார். அது நடந்தால் பழையபடி நிச்சயத் தட்டு மாற்றுவதாகப் பையனின் மாமன்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் தயார். தலைவியின் கை ஒன்றுதான் வேண்டும்.

தலைவியிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. குப்பத்து மக்கள் உங்கள் பணியைப் பாராட்டி முதல் மரியாதை தர விரும்புகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. என்ன நிறப் புடவை கட்டலாம் என்று கேட்டார்.

திருவிழா அன்று உச்சிவெயில். பம்பை உடுக்கைச் சத்தத்தில் காது அடைத்தது. பெரிய பெரிய அண்டாக்களில் கூழ். வடக்குத் தெரு ஒரு பக்கம், தெற்குத் தெரு ஒரு பக்கம், நடுவில் வெறும் மணல். அந்த மணலில் அரக்குப் பட்டுப் புடவையில் எங்கள் தலைவி, பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நான். அக்கா வடக்குப் பக்க வரிசையில் முதலாவதாக நின்றாள். அவள் பெண் அவளுக்குப் பின்னால். முகம் இளைத்துக் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. பூசாரி தட்டோடு வெளியே வந்தார். நேராகத் தலைவியிடம் வந்து நீட்டினார். பம்பைச் சத்தம் நின்றது.

தலைவி கை கூப்பினார். தொடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஐயோ, பேசப் போகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"இவ்வளவு பெரிய மரியாதைக்கு நான் தகுதியானவளா? இது உங்க ஊர் முன்னோடிகளுக்குச் சேர வேண்டியது. அதனால இதை..." என்று சொல்லிக்கொண்டே வடக்குத் தெருப் பெரியவர் பக்கம் கையை நீட்டினார்.

அவர் பெருந்தன்மை காட்டி நான் பார்த்த ஒரே தருணம் அதுதான். இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ! தெற்குப் பக்கத்தில் நாலைந்து பேர் ஓர் அடி முன்னால் வந்தார்கள். அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. நான் குடையைச் சாய்த்து அவர் காதருகில் குனிந்தேன்.

"மேடம், மதுராந்தகம் சங்கத் தலைவிக்கு ஏரிக்கரைக் கோயில்ல ரெண்டாவது தட்டுதான் குடுத்தாங்களாம்."

சுத்தப் பொய். எங்கள் சங்கம் எழுதிய வரலாற்றில் இருந்த அளவுக்குப் பொய். காற்றில் நீண்ட தலைவியின் கை அப்படியே நின்றது, திரும்பியது, தட்டில் விழுந்தது. எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குங்குமத்தை நெற்றியில் தாராளமாக அப்பிக்கொண்டார். பம்பை முழங்கியது. பூசாரி தட்டை மணலில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். இரண்டு பக்கமிருந்தும் கைகள் பாய்ந்தன. யார் கை முதலில் பட்டது என்று நானும் பார்க்கவில்லை. அக்கா மணலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, குடைக்குள் அழுதேன். மக்கள் எவ்வளவு நெகிழ்ந்துபோயிருக்கிறார்கள் பாருங்கள் டீச்சர் என்றார் தலைவி.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மீன் குழம்பு வைப்பது எப்படி என்று நான் அன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த ஆடிக்கும் தலைவிக்கு அழைப்பு வந்தது. அதற்கடுத்த ஆடிக்கும். கடற்கரை மக்கள் தன்னைத் தெய்வமாக மதிக்கிறார்கள் என்று அவர் எல்லா விழாவிலும் பேசத் தொடங்கினார். அக்கா ஒவ்வொரு முறை வரும்போதும் அவர் சேமத்தை விசாரிப்பாள். "அந்தம்மா நல்லா கீறாங்களா? இருமல் கிருமல் இல்லியே? வெயில்ல அலைய வேணாம்னு சொல்லு." பெற்ற பிள்ளைகள்கூட அப்படி விசாரித்திருக்க மாட்டார்கள். அக்கறை நிஜம்தான். அந்த அம்மாள் படுத்துவிட்டால் தட்டு யார் கைக்குப் போகும்? தட்டு தகராறானால் தன் பெண்தான் பெட்டியோடு வடக்குத் தெருவுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும்.

எழுபதுகள் முடியும் தறுவாயில் தலைவி தன் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். பொருளாளர் தலைவியானார். அவரும் குப்பத்துக்கு வரத் தயார்தான். ஆனால் பழைய கல்லில் தன் பெயர் மூன்றாவதாக இருக்கிறது, அதை எடுத்துவிட்டுப் புதுக் கல் நட வேண்டும் என்றார். நான் இதைச் சொன்னதும் அக்கா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"இன்னொரு கல்லா? ஆத்தாளே தாங்க மாட்டா. அவங்க வேணாம். நீ வா, டீச்சரம்மா. நீ தொடு."

இத்தனை வருஷக் காப்பி, இத்தனை வருஷப் பேச்சு, வாசல்படியில் சேர்ந்து உட்கார்ந்த காலைகள். ஊரில் எத்தனையோ பேர் இருக்க என்னைக் கேட்கிறாளே என்று உள்ளே குளிர்ந்துபோனது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

"என்னை உங்க ஊர் மனுஷியாவே நினைச்சுட்டியாக்கா?"

அக்கா என்னைப் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அய்ய, அதில்ல டீச்சரம்மா. எங்க ஊருக்கு நீ யாரு? யாருமே இல்ல. அதான் வோணும்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னாள். எனக்கு வலித்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போன பிறகும் வெகுநேரம் வலித்துக்கொண்டிருந்தது. வரமாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஓர் இரவு யோசித்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்து நாலைந்து வருஷமாக உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது எனக்கு என்ன வேண்டியிருந்தது? எனக்கும் அதே தட்டுதான் வேண்டியிருந்தது, அன்பு என்று பெயர் போட்டு.

ஆடியில் பஸ்ஸில் போனேன். நூல் புடவைதான் கட்டியிருந்தேன். வடக்கு வரிசையில் அக்கா. தெற்கு வரிசையில், மாமியார் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு அவள் பெண். நான் மீனைத் தூக்கும் அழகைப் பார்த்துச் சிரித்த பெண் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. பூசாரி என்னை நோக்கி நடந்துவர, அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நான் பேசவில்லை, கும்பிடவில்லை. தட்டு அருகில் வந்ததும் கையை வைத்தேன்.

பம்பை முழங்கியது, தட்டு கீழே போனது, கைகள் பாய்ந்தன. அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுமணலைக் கடந்து போய் அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா அதன் வாயில் கூழைத் தொட்டு வைத்தாள். இரண்டு தெருவும் அண்டாவைச் சுற்றிக் கலந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சநேரம் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நானே போய் ஒரு சொம்பில் கூழ் மொண்டு குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மணலில் நடக்க ஆரம்பித்தேன்.